உடலைச் சாட்சிக்கு அழைப்பவர்கள்

நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்குக் கருப்பை வாயில் எச்.பி.வி. தொற்று இருப்பதாகப் பரிசோதனைத் தாள் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாள் வீட்டுக்குள் நுழைந்ததும் எழும் முதல் கேள்வி, ‘இதற்கு என்ன வைத்தியம்?’ என்பதாக இருப்பதில்லை. ‘இது எங்கிருந்து வந்தது?’ என்பதாகவே இருக்கிறது. அவள் அதைத் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள். கணவனிடம் கேட்க நினைத்து வாயை மூடிக்கொள்கிறாள். அல்லது கணவன் அவளிடம் கேட்கிறான். மருத்துவக் கேள்வியைப் போலத் தோன்றினாலும் இது மருத்துவக் கேள்வி அல்ல. பாவம், வினை, கற்பு, தீட்டு என்று தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டு வளர்ந்தவற்றிலிருந்து பிறக்கும் கேள்வி. ஆகவே சமயத்தின் தளத்திலேயே நின்று அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது, கிடைத்தாலும் நோயாளிக்குப் பயன் கிடையாது, அந்த விடைக்காக ஒரு பெண்ணின் உடலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் உரிமையை நாம் வணங்கும் சமயங்கள் நமக்குத் தரவும் இல்லை என்பதே என் முடிவு.

உடலைக் கொண்டு ஒழுக்கத்தைச் சோதிப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ‘கைமுக்கு’ என்றொரு வழக்கம் இருந்தது. பிறன்மனைக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்க்குள் கையை விட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்க வேண்டும். எடுத்த கையைத் துணியால் கட்டிவிடுவார்கள். சில நாள் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். கை வெந்திருந்தால் குற்றவாளி, வேகாமலிருந்தால் தூயவன். வரலாற்றாசிரியர் கே.கே. பிள்ளை இந்தக் கோயிலைப் பற்றி 1953இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இந்த வழக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறார். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இது நிறுத்தப்பட்டது. அகலிகையிடம் தவறாக நடந்து சாபம் பெற்ற இந்திரன் தூய்மை பெற்ற இடம் சுசீந்திரம் என்பது தலபுராணம். இன்றும் அர்த்தசாமப் பூசையை இந்திரனே வந்து செய்கிறான் என்ற நம்பிக்கையால், இரவு நடை சாத்துபவர் மறுநாள் காலை நடை திறப்பதில்லை. மும்மூர்த்திகளும் இரவலர் வேடத்தில் வந்து அனசூயையின் கற்பைச் சோதித்த கதையும் இதே தலத்துக்கு உரியது. தவறு செய்த ஆணுக்குத் தூய்மை பெற ஒரு வழி, தவறே செய்யாத பெண்ணுக்கு ஒரு சோதனை. இரண்டு கதைகளும் அந்தக் கோயிலின் ஒரே கொன்றை மரத்தடியில் நிற்கின்றன. நம்பூதிரிகளின் ஒழுக்க விசாரணையான ஸ்மார்த்த விசாரத்திலும் இதே கோணல் இருந்தது. ஆணுக்காவது நெய்யில் கை விட்டுத் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட பெண்ணோ தனியறையில் அடைக்கப்பட்டு, ஒரு பொருளைக் குறிப்பது போல ‘சாதனம்’ என்று குறிக்கப்பட்டே விசாரிக்கப்பட்டாள். கைமுக்கு நின்றதோடு ஓர் உண்மை நிலைபெற்றிருக்க வேண்டும். நெய் சுடுவது சூட்டினால்தான், குற்றத்தினால் அல்ல. சதைக்கு ஒழுக்கம் தெரியாது.

எச்.பி.வி. பரிசோதனையை நாம் இன்னொரு கைமுக்காக ஆக்கிவருகிறோம் என்பதே என் கவலை. அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்க்கலாம். எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு சில வகைகளே புற்றுநோய் வரை கொண்டுபோகும். அவற்றிலும் 16, 18 என்ற இரண்டே ஏறத்தாழ 70 விழுக்காடு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். இது உடலுறவால் பரவுகிறது. உடலுறவு வாழ்வில் நுழைந்த பெரும்பாலோருக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றிவிடுகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுக்குள் தாமாகவே அடங்கிவிடும். ஆனால் அடங்கிய தொற்றெல்லாம் அழிந்த தொற்று அல்ல. திசுவின் அடி அடுக்குச் செல்களில், பரிசோதனைக்கும் அகப்படாத அளவுக்கு ஒடுங்கி, ஆண்டுக்கணக்கில் அது தங்கியிருக்க முடியும். நடுவயதில் உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது மறுபடியும் தலைகாட்ட முடியும். நாற்பதைக் கடந்த பெண்களிடம் புதிதாகத் தென்படும் தொற்றுகளில் கணிசமான பங்கு இப்படிப் பழையது மீண்டும் வெளிப்படுவதுதான் என்று இதை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். ஆக, 48 வயதில் காணும் தொற்று போன ஆண்டு வந்ததா, 22 வயதில் மணமான புதிதில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வகத்தாலும் முடியாது. வைரஸின் வகையை அறியலாம். அது வந்த நாளை அறிய முடியாது. கொண்டுவந்தவரை அறியவே முடியாது.

இந்த நோய்க்கும் கற்புக்கும் முடிச்சுப் போட்டதில் அறிவியலுக்கும் ஒரு பங்கு உண்டு. 1842இல் இத்தாலிய மருத்துவர் டொமெனிகோ ரிகோனி-ஸ்டெர்ன், வெரோனா நகரின் 1760 முதல் 1839 வரையான இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடமும் கைம்பெண்களிடமும் மிகுந்தும், மணமாகாதவர்களிடமும் கன்னியாஸ்திரீகளிடமும் குறைந்தும் இருந்தது. தூய்மையானவர்களை அண்டாத நோய் என்று அந்தக் கணக்கைப் படித்தவர்கள் உண்டு. கன்னித் தெய்வத்தின் பெயரையே தாங்கிய, கன்னியர் மடங்களும் நிறைந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப் படிப்பது எளிது. ஆனால் அந்தக் கணக்கில் துறவியருக்கு எதிரில் நிற்பவர்கள் யார்? நெறி தவறியவர்கள் அல்லர், மனைவியர். ஆலயத்தில் ஊரறிய மணம் முடித்துப் பிள்ளை பெற்று வாழ்ந்தவர்கள். ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983, 84இல் 16, 18 வகை வைரஸ்களைப் புற்றுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்தபோது காரணம் விளங்கியது. அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. கணவனைத் தவிர வேறெவரையும் அறியாத பெண்களிடையே இந்தியாவிலும் பிற நாடுகளிலும் செய்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. அந்தப் பெண்களுக்கு நோய் வரும் வாய்ப்பு, கணவர்களின் நடத்தையைப் பொறுத்துக் கூடியது, குறைந்தது. உடலுறவால் பரவுவது என்பதும் ஒழுக்கக்கேட்டால் வருவது என்பதும் ஒன்றல்ல. நம் சமயங்கள் வாழ்த்திச் சேர்த்துவைக்கும் உறவே இந்த வைரஸின் முதன்மைப் பாதை.

மருத்துவம் சில நோய்களில் மூலத்தைத் தேடுகிறதே என்று ஒருவர் கேட்கலாம். நோயின் முதலை நாடச் சொன்ன வள்ளுவரையும் துணைக்கு அழைக்கலாம். நியாயமான கேள்வி. காசநோய் என்றால் வீட்டில் வேறு யாருக்கு இருமல் என்று சுகாதாரச் செவிலியர் கேட்கிறார். சிபிலிஸ் என்றால் துணைவரையும் அழைத்துவரச் சொல்கிறார்கள். அந்தக் கேள்விகள் அறத்தோடு பொருந்துகின்றன. பதில் வந்தால் இன்னொரு மனிதருக்கு மாத்திரையோ ஊசியோ கிடைக்கும், சங்கிலி அறும். எச்.பி.வி.யில் நிலைமை வேறு. வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை, கணவனுக்குக் கொடுக்கவும் எதுவும் இல்லை. ஆண்களிடம் இதைக் கண்டறிய வழக்கத்தில் உள்ள பரிசோதனையும் இல்லை. இருப்பது தொற்று ஏற்படுத்திய கேட்டுக்கான சிகிச்சை. செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறை வினிகரின் சாரத்தை, பஞ்சால் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார். மாறத் தொடங்கிய செல்கள் உள்ள இடம் வெள்ளையாகத் திட்டுப் போட்டுத் தெரியும். தேவைப்பட்டால் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி, ஒரு துளித் திசு எடுத்துச் சோதனை. பிறகு அந்தத் திட்டைக் குளிரால் உறையவைத்தோ, சூட்டால் பொசுக்கியோ, மின்கம்பி வளையத்தால் செதுக்கியோ எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். இந்த வரிசையில் எந்தப் படியிலும் ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கு இடமில்லை. பதில் எதுவானாலும் சிகிச்சை ஒன்றுதான். நோயாளிக்கும் உதவாமல் வேறெவருக்கும் உதவாமல் கேட்கப்படும் கேள்விக்கு மிஞ்சும் பயன் தண்டிப்பது மட்டும். முதலை நாடு என்ற அறிவுரை தணிப்பதற்காகச் சொன்னது. தண்டிப்பதற்கு அதைக் கடன் வாங்கக் கூடாது.

இனி வினைக் கொள்கையைச் சொல்லி எழும் மறுப்பு. நோய் என்பது செய்த வினையின் பயன், இப்பிறவியிலோ முற்பிறவியிலோ அவள் செய்ததே அவளிடம் வந்திருக்கிறது என்பது பலர் உதட்டளவில் அல்லாமல் மனதார நம்புவது. இந்த நம்பிக்கையைக் கேலி செய்து கடந்துபோவது முறையல்ல. ஆனால் வினையை மிகக் கடுமையாகக் கணக்கிட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கச் சொல்வேன். சிதறால் மலையில் சமணத் துறவியர் தங்கிய குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இன்றும் இருக்கின்றன. ஓர் அணு அளவு வினையும் கணக்குத் தீராமல் போகாது என்று சொன்ன சமணமே, இல்லறத்தார் செய்ய வேண்டிய தானங்களை உணவு, அடைக்கலம், கல்வி, மருந்து என நான்காக வகுத்தது. நோய் வினைப்பயன்தான் என்று உறுதியாக நம்பியவர்கள், ‘அப்படியானால் அனுபவிக்கட்டும்’ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மருந்து கொடுப்பதைக் கடமையாக்கினார்கள். அவளுடைய வினை அவளுடைய கணக்கு. அவளுக்கு மருந்து கொடுத்தேனா இல்லையா என்பது என் கணக்கு. புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். சீவகன் என்ற பரிவிராசகன், மனிதர் அனுபவிப்பதெல்லாம் முன்செய்த வினைதானா என்று கேட்டபோது, பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவமாற்றம் என்று நோவுக்கு எட்டுக் காரணங்களை அவர் அடுக்கியதைச் சம்யுத்த நிகாயம் சொல்கிறது. வினைக்கு அதில் ஓர் இடம் உண்டு. எட்டில் ஒன்று. எல்லாமே வினை என்பவர்கள் கண்ணால் கண்டதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று அவர் கண்டித்தார். யோவான் சுவிசேஷத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்ததா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். அவர் இரண்டையும் மறுக்கிறார், மறுத்த கையோடு மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசுகிறார். கேள்வியை விலக்கிவிட்டுச் சிகிச்சைக்குப் போகும் அந்த வேகம் நாம் கவனிக்க வேண்டியது. ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக உள்ள ஒரு மாவட்டத்தில் ஒவ்வோர் ஆலயத்திலும் வாசிக்கப்படும் பகுதி அது.

எனக்கு மிகக் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறொன்று. கேள்வியே கேட்காதே என்றால் கணவன் தப்பித்துவிடுகிறானே, உண்மையை அறியும் உரிமை மனைவிக்கு இல்லையா என்பது அது. பெண்ணின் பக்கம் நின்று கேட்கப்படுவதால் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு உண்மையை அறியும் உரிமை முழுக்க உண்டு. அதனால்தான், பயந்துவிடுவார்கள் என்று கருதி இது உடலுறவால் பரவும் வைரஸ் என்பதையே மறைத்துவிடலாம் எனும் நல்லெண்ணக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறைப்பது, இதில் மறைக்கத்தக்க ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். எப்படிப் பரவுகிறது, எவ்வளவு பேருக்கு வருகிறது, வந்த காலத்தை ஏன் அறிய முடியாது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் குடும்பம் உடையும். மூன்றையும் சொன்னால் அவள் எதை அறிய முடியும், எதை அறிய முடியாது என்பது தெளிவாகும். கணவனின் நடத்தையில் குறை இருந்தால் அதற்கான நியாயம் அவன் நடத்தையிலிருந்து பேசப்படட்டும். மனைவியின் கருப்பை வாயிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சி அதற்குச் சான்றாகாது, அவளுக்கு எதிராகச் சான்றாகாததைப் போலவே. பழைய சமய நூல்களும் இந்த இடத்தில் நாம் நினைப்பதைவிட எச்சரிக்கையாக இருந்திருக்கின்றன. ஐயத்துக்கு ஆளான மனைவிக்குக் கசப்பு நீரைக் குடிக்கக் கொடுத்து, வயிறு வீங்குகிறதா என்று பார்க்கும் சோதனை விவிலியத்தின் எண்ணாகமத்தில் உண்டு, கைமுக்கின் உடன்பிறப்பைப் போல. யூத ரபிமார்கள் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கணவனே குற்றமற்றவனாக இராவிட்டால் அந்த நீர் மனைவியைச் சோதிக்காது. முதலாம் நூற்றாண்டில் ரபி யோஹனான் பென் ஸக்காய் அந்தச் சோதனையையே நிறுத்திவைத்தார். குர்ஆனின் நூர் அத்தியாயம், கற்புள்ள பெண்மீது பழி சுமத்துகிறவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவராவிட்டால் அவனுக்கே கசையடி என்று விதிக்கிறது. நான்கு கண்கண்ட சாட்சிகளைக் கேட்கும் மார்க்கத்தின் அளவுகோலில், வந்த நாளும் தெரியாத ஒரு வைரஸ் எந்த இடத்தைப் பெறும்?

இதையெல்லாம் சகஜமாகப் பேசினால் ஒழுக்கம் தளரும் என்ற மறுப்பைச் சுருக்கமாகவே பார்க்கலாம். பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதற்கு எதிராகவும் இதே சொல்லப்படுகிறது. தடுப்பூசியால் நடத்தை மாறவில்லை என்றே பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவில் தடுப்பூசி மீதான தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 2009, 10இல் கம்மம், வதோதரா மாவட்டங்களில் நடந்த திட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோர் ஒப்புதலைக்கூடச் சரியாகப் பெறாமல், விடுதிக் காப்பாளர்களிடம் கையெழுத்து வாங்கியது 2013இல் நாடாளுமன்றக் குழுவின் கண்டனத்துக்கு ஆளானது. அது நியாயமான கோபம், ஒழுக்கத்தைப் பற்றியது அல்ல. ஒழுக்கம் குலையும் என்ற குரலை இந்த மண் முன்பே கேட்டிருக்கிறது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று சொல்லித்தான் தோள்சீலைக் கலவரங்கள் நடந்தன. 1859 சூலை 26இல் திருவிதாங்கூர் அரசு அறிக்கை வெளியிட்டு அந்த உரிமையை வழங்கியது. ஒழுங்கு குலையவில்லை. பெண்ணின் உடலைப் பார்த்து அவள் தகுதியைப் பிறர் படித்துக்கொள்ளலாம் என்ற நிலைதான் குலைந்தது.

நடுவயது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் சமய வாழ்வில் கருப்பைக்குக் கிடைக்கும் இடம் பிள்ளைப்பேற்றோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை வேண்டி மரத்தில் தொட்டில் கட்டுகிறோம். கண்நோய்க்குக் கண்மலர் சாத்துகிறோம். தலைநோவுக்கு மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் படைக்கிறோம், அந்தத் தலைநோவு எந்தப் பாவத்தால் வந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பிள்ளை பெற்று முடித்த கருப்பைக்கு நேர்ச்சையும் இல்லை, பேச்சும் இல்லை. அரசு மருத்துவத்திலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது. பேறுகாலத்தில் கைக்குழந்தையைப் போலக் கவனிக்கப்படும் பெண், குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைக்குப் பிறகு, முப்பது வயதுக்கு முன்பே, மகளிர் மருத்துவரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறாள். ஆனால் இந்த வைரஸ் தன் வேலையைச் செய்யும் காலம் அதற்குப் பிறகுதான். தொற்று நிலைத்துப் புற்றாக மாறப் பொதுவாக 10 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அதோடு தீட்டும் வந்து சேர்கிறது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் தாறுமாறாக உதிரம் பட்டால் வயதின் கோளாறு என்று விட்டுவிடுவது வழக்கம். நின்ற பிறகு மறுபடி பட்டாலோ அதை வெளியில் சொல்வது இன்னும் கடினம். விலக்கு நின்ற பெண்ணுக்குப் பூசையறையிலும் கோயில் காரியங்களிலும் ஒரு சுதந்தரம் கிடைக்கிறது, சபரிமலைக்கும் அவளால் இருமுடி கட்ட முடிகிறது. இத்தனை ஆண்டு காத்திருந்து பெற்ற அந்தத் தகுதியை ஒரு துளி இரத்தத்தைச் சொல்லி இழக்க எந்தப் பெண் முன்வருவாள்? ‘எனக்குச் சுகர்’, ‘எனக்குப் பிரஷர்’ என்று முற்றத்தில் நின்று சத்தமாகச் சொல்லும் நாம் இதை மட்டும் முந்தானைக்குள் முடிந்துவைக்கிறோம். மாற்கு சுவிசேஷத்தில் பன்னிரண்டு ஆண்டு பெரும்பாட்டால் வருந்தி, கைப்பொருளை எல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்த ஒரு பெண் வருகிறாள். அன்றைய சட்டப்படி அவள் தீட்டுக்குரியவள், கூட்டத்துக்குள் வந்ததே குற்றம். அவள் பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். தொட்டது யார் என்றுதான் கேட்கப்படுகிறது. எப்படி வந்தது இந்த நோய் என்று கேட்கப்படவில்லை.

விதிப்படி நடக்கட்டும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஏற்கெனவே விலை கொடுத்து அறிந்திருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர அரசு மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், புற்றுக்கு முந்தைய நிலை புற்றாக மாறாது என்ற தன் எண்ணத்தை நிறுவ, 1966 முதல் பல பெண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் கண்காணித்துவந்தார். அவர்களில் பலருக்கு அது தெரியாது. 1988இல் நீதிபதி கார்ட்ரைட்டின் விசாரணை அறிக்கை அதை வெளிக்கொணர்ந்தது. அந்தப் பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த முடிவு: உரிய சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுக்குள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்குப் புற்று வந்தது. சிகிச்சை பெற்றவர்களிடம் அது 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. நம் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையை மையமாக வைத்து, 2000ஆம் ஆண்டு தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. 57 கிராமத் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேரை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் அமிலம் தடவிப் பார்க்கும் அந்த எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். 2007இல் வெளிவந்த முடிவின்படி அங்கே நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. இந்தக் குறைவை அளக்க, ஒப்பீட்டுக்காக வேறு 57 தொகுதிப் பெண்களுக்கு அந்தச் சோதனை செய்யப்படவில்லை. அது சரியா என்ற விவாதம் பின்னர் எழுந்தது, எழ வேண்டியதுதான். இந்தச் சோதனை உயிர் காக்கும் என்று இன்று நாம் உறுதியாகச் சொல்வதற்கு அடிப்படையாக இருப்பவற்றுள் அந்தக் கிராமங்களில் போன உயிர்களும் அடங்கும். அந்தக் கடன் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சமயத் தலைவர் மீதும், ஒவ்வொரு மாதர் சங்கத்தின் மீதும் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007இல் அரசு சோதித்துப் பார்த்துப் பிறகு மாநிலம் முழுக்க விரித்த கருப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டம் இருந்தும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 30 முதல் 49 வயது வரையான தமிழகப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு வந்தவர்கள் 9.8 விழுக்காடு. உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்திருக்கும் இலக்கு 70. இந்தியா முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.25 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்று வருகிறது, 75 ஆயிரத்துக்கு மேல் இறக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் சோதனைக்கு வராததற்குத் தூரத்தையோ எழுத்தறியாமையையோ காரணம் சொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, நெய்யூரில் புற்றுநோய் மருத்துவமனை, எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையம். ஆனால் ‘ஆர்.சி.சி.க்குக் கொண்டுபோனார்கள்’ என்று சொல்லும்போது நோய் முற்றிவிட்டது என்பதே நமக்குப் புரிகிறது. அதற்குப் பத்து ஆண்டு முன்னால், வலியும் இல்லாத, அடையாளமும் இல்லாத நிலையில் ஒரு பெண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பங்கின் அன்பியக் கூட்டமோ, சி.எஸ்.ஐ. பெண்கள் ஐக்கிய சங்கமோ, மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு இருமுடி கட்டும் பெண்கள் கூட்டமோ, ஜமாஅத்தோ சொன்னால் அவள் போவாள், ஏனென்றால் அவள் அஞ்சுவது அவர்களின் பேச்சுக்குத்தான். வயதான பிறகு இதெல்லாம் எதற்கு என்போர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். விலக்கு நின்ற பெண்களுக்கு, சோதிக்க வேண்டிய பகுதி உள்ளே ஒடுங்கிவிடுவதால், அமிலம் தடவிப் பார்ப்பது போதிய அளவு துலங்காது. எச்.பி.வி. பரிசோதனையே அவர்களுக்குப் பொருத்தம். அதற்கான மாதிரியை அவளே தனியறையில், வேறு யார் கையும் படாமல், பஞ்சுக்குச்சியால் எடுத்துக்கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. கூச்சத்தைச் சொல்லித் தள்ளிப்போடும் பெண்களுக்கு இந்த வழி திறந்திருக்க, அது ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை வந்து சேர வேண்டும் என்று கேட்கும் முதல் குரல் கோயில் நடையிலிருந்தும் ஆலயப் பீடத்திலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் எழலாம்.